கூடையோடு வந்த தொண்டர்கள்

எந்தச் சங்கத்திலும் ஆள் சேர்க்கும் வேலையைக் கெட்டிக்காரனிடம் கொடுப்பதில்லை. ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராதவன் ஒருத்தன் எங்கேயும் இருப்பான். அவன் தலையில்தான் கட்டுவார்கள். கூடவே ஒரு பதவிப் பெயரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும், அவன் அதைக் கிரீடம் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுமந்து திரிவான். எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் அப்படிச் சுமந்தவன் நான்.

அப்போது நான் மத்திய சர்க்காரில் லோயர் டிவிஷன் கிளார்க். ஆர்.கே.புரத்தில் அக்கா வீட்டில் ஜாகை. அக்கா டெல்லிக்கு வந்து பல வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சை ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்காதவள். நானோ வந்த கொஞ்ச நாளிலேயே ‘அச்சா’, ‘டீக் ஹை’ இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். காதை மூடும் முடி, தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம். (போட்டோ இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.)

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் சென்குப்தா என்று ஒரு வங்காளி. மனைவி தவறிப்போய்த் தனியாக இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பாறையும் புதருமாக ஒரு பொட்டல் காடு கிடந்தது. எங்களுக்கெல்லாம் அது உடைந்த வாளியைத் தூக்கிப் போடுகிற இடம். அவருக்கு அதுதான் எல்லாம். விடிந்ததும் பைனாகுலரை மாட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிடுவார். “காலையில் இங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால்தான் மிச்ச நாளைத் தள்ள முடிகிறது” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை.

அந்தக் காட்டுக்காக அவர் ஓர் இயற்கைப் பாதுகாப்புக் குழு வைத்திருந்தார். உறுப்பினர்கள் மொத்தம் ஐந்தாறு பேர். அதில் பாதிப் பேர் பெயரளவில். மீதியில் நான் ஒருவன். (நானாகச் சேரவில்லை. அவர் ஏதோ கேட்டார்; வழக்கம்போல ‘யெஸ் சார்’ என்றேன்.)

அந்த ஆகஸ்டில் இடி விழுந்தது. காட்டைச் சமன் செய்து ஸ்கூட்டர் கொட்டகையும் கடைகளும் கட்டப்போகிறார்களாம். சென்குப்தா நேராகப் போய் அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினீயரைப் பார்த்து, “அது வெறும் புதர் இல்லை. இந்தக் காலனி ஜனங்கள் அதைக் கண்ணாகப் பாதுகாக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். அவரும் வருவதாக ஒத்துக்கொண்டார். இனி வேண்டியது ஜனங்கள்தான்.

“உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். நீதான் நம்முடைய ஆள்சேர்ப்புச் செயலாளர்” என்றார் சென்குப்தா.

செயலாளர்! லோயர் டிவிஷன் கிளார்க்குக்கு அந்தப் பதவிக்குப் போக எத்தனை பிரமோஷன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று சாயங்காலமே ஒரு காக்கித் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கதவு கதவாகத் தட்டினேன். முதல் வீட்டில், “இது டியூட்டியா? காம்பென்சேட்டரி லீவு உண்டா?” என்று கேட்டார்கள். அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர், “பேட்டா, சாய்-நாஷ்தா?” என்று டீ, டிபனை விசாரித்தார். இல்லை என்றதும் ஆசீர்வாதம் பண்ணிக் கதவைச் சாத்தினார். சரி, பக்திமான்களைப் பிடிப்போம் என்று மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டுக்குக் கீழே நின்று சொற்பொழிவு ஆற்றினேன். பறவைகள், மண்வளம், வருங்காலச் சந்ததி என்று கண்ணை மூடிக்கொண்டு பொழிந்தேன். கண்ணைத் திறந்தபோது என் காலடியில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் சேர்ந்திருந்தன. ஆள் ஒன்றும் சேரவில்லை. (தொப்பிதான் காரணம். எல்லாரும் திரும்பி வரும்வரை காவல் நிற்க வேண்டியதாயிற்று.)

அக்காதான் வழி சொன்னாள். “ஏல, காட்டுக்கு வாங்க, காட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா எவம்ல வருவான்? அங்கன என்ன இருக்குன்னு சொல்லுல மொதல்ல.”

மறுநாள் பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் கீழ்வீட்டு சாரதா மாமி நின்றிருந்தாள். கும்பகோணத்து மாமி. அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் செக்டர் முழுக்க விழுந்த மாதிரி. நான் பெருமையாக ஆரம்பித்தேன்.

“மாமி, நம்ம பின்பக்கக் காட்டுல என்னவெல்லாம் இருக்கு தெரியுமா? அருகம்புல் முழங்கால் உசரத்துக்கு நிக்குது.”

மாமியின் கையிலிருந்த காலிப் பால் பாட்டில்கள் கிணுங்கின. “அருகம்புல்லா? நிஜமாவா சொல்றே?”

“எருக்கு இருக்கு. வெள்ளெருக்கே இருக்கு.”

“நாயுருவி?”

“கால் வைக்க இடமில்ல. துணியெல்லாம் ஒட்டிக்கிடும்.”

“வன்னி?”

“ஒரு மரமே இருக்கு மாமி!”

மாமி என் தோளைத் தட்டினாள். “ஞாயித்துக்கெழமை காலம்பறதானே? வந்துடறேண்டாப்பா. இன்னும் நாலு பேரையும் அழைச்சுண்டு வரேன்.”

என் நாவன்மையை நானே மெச்சிக்கொண்டேன். இங்கே ஒரு சின்ன விவரம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பிரம்மச்சாரிக்குச் சதுர்த்தி என்றால் கொழுக்கட்டை. தட்டில் வரும்போது தெரிந்துகொண்டால் போதும். ஆனால் பூஜை பண்ணுகிறவர்களுக்கு இருபத்தோரு வகை இலை வேண்டும். டெல்லியில் அதற்கு எங்கே போவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைப்பது பாதி காய்ந்த புல்தான். “வருஷா வருஷம் துளசியையே இருபத்தோரு தரம் போட்டு ஒப்பேத்திண்டிருந்தேன். பிள்ளையார் பாவம், வாயைத் திறந்து கேக்கலை” என்று மாமியே பிற்பாடு சொன்னாள்.

சனிக்கிழமைக்குள் நாற்பது பேர் வருவதாகச் செய்தி வந்துவிட்டது. ஏன் இத்தனை பேர் என்று ஒரு நிமிஷம் எனக்கும் உறுத்தத்தான் செய்தது. பதவியில் இருப்பவன் அப்படியெல்லாம் சந்தேகப்படக் கூடாது என்று விட்டுவிட்டேன். சென்குப்தாவிடம் சொன்னேன். அலமாரியிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை வந்தார்கள் பாருங்கள்! முன்னால் சாரதா மாமி. பின்னால் மாமிகள், அக்காக்கள், அவர்களுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தோடு கணவன்மார்கள். எல்லார் கையிலும் ஒயர் கூடை. சிலர் கையில் காய் நறுக்கும் கத்தி, கத்திரிக்கோல். ஒருவர் கர்ட்டன் கம்பி நுனியில் கத்தியைக் கட்டித் துறட்டியே செய்துகொண்டு வந்திருந்தார். எங்கள் அக்கா அரிவாள்மணையோடு வந்திருந்தாள்.

எனக்கு அந்த அரிவாள்மணையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி ஒளித்துவிடலாமா என்று இருந்தது. சென்குப்தாவுக்கோ ஆனந்தக் கண்ணீர். “பார்த்தாயா, கருவிகளோடு வந்திருக்கிறார்கள்! களை எடுக்க!” என்றார்.

பிறகு ஒரு கல்மேல் ஏறி நின்று, வங்காளி வாடை வீசும் ஹிந்தியில் பேசினார். அதோ, அந்த நாலு கல்லுக்கு நடுவில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. யாரும் பக்கத்தில் போக வேண்டாம். இங்கே ஒவ்வொரு செடியும் ஓர் உயிர். ஓர் இலையைக்கூடக் கிள்ளாதீர்கள். கூட்டம் கடிகாரத்தைப் பார்த்தது. “தமிழில் சொல்லு” என்றார் என்னிடம்.

சொன்னேன். “அந்தக் கல்லுக்கு நடுவுல குருவி முட்டையிட்டிருக்காம், கிட்டப் போகக் கூடாதாம். ஒரு எலையக்கூடக் கிள்ளக் கூடாதாம்.”

இடுப்பிலிருந்த கூடையெல்லாம் தரைக்கு இறங்கியது. சாரதா மாமி மெதுவாகக் கேட்டாள்: “பிள்ளையாருக்குக்கூடவா?”

நான் சென்குப்தாவைப் பார்த்தேன். மொழி புரியாத அந்த நல்ல மனிதர், தன் பேச்சு எல்லார் மனசையும் தொட்டுவிட்டது என்று நினைத்து, மாமியைப் பார்த்துப் புன்னகையோடு தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். “சாரே சரின்னுட்டார்!” என்று ஒரு குரல். நாற்பது பேரும் காட்டுக்குள் பாய்ந்தார்கள்.

“இதோ ஊமத்தை!” “கண்டங்கத்திரி இங்க இருக்குடி, முள்ளு, பாத்து!” “எனக்குப் பதினாறு ஆச்சு, உனக்கு?” வன்னி மரத்தைத் துறட்டிக்காரர் கவனித்துக்கொண்டார். அக்கா அரிவாள்மணையைப் பாறைமேல் வைத்து உட்கார்ந்து, எருக்கங்கொத்தை எல்லாருக்கும் அளவாக நறுக்கிக் கொடுத்தாள். சென்குப்தா “நோ! நோ! ப்ளீஸ்!” என்று ஒவ்வொரு கூடைக்குப் பின்னாலும் ஓடினார். அவருக்கும் பாதிப் பேர் அருகம்புல் கொடுத்தார்கள்.

செயலாளர் சும்மா இருக்கலாமா? தடுப்பதற்காகப் பாய்ந்தேன். பெல்பாட்டம் இலந்தை முள்ளில் மாட்டியது. ஒரு காலை விடுவித்தால் மறு கால் மாட்டியது. அந்த நேரம் பார்த்து ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே பறந்துவந்து என் தொப்பியைக் குறிவைத்து இறங்கியது. இத்தனை பேர் சூறையாடும்போது அதன் கண்ணுக்கு நான்தான் எதிரியாகத் தெரிந்தேன். இப்போது யோசித்தால் அது சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

இன்ஜினீயர் குல்கர்னி வந்தபோது அவர் கண்ட காட்சி இதுதான்: புதருக்குள் சிக்கிய ஒருவன், அவனைத் தாக்கும் ஒரு பறவை, இலை இழந்த செடிகள், கல்லின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் சென்குப்தா. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காலையில் உட்கார அவருக்கு இருந்த ஒரே இடத்தை நானே ஆள் திரட்டிவந்து அழித்துவிட்டேன். முள்ளில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

குல்கர்னி உதட்டைப் பிதுக்கிவிட்டு, டேப்பை விரித்து அளந்துகொண்டே நடந்தார். நேராக அந்த நாலு கல்லை நோக்கி.

“அரே பையா! ருக்கோ!”

சாரதா மாமி. கையில் கத்தி, இடுப்பில் கூடை. “உதர் நஹீ! அண்டா ஹை, அண்டா! முட்டை! பிள்ளைத்தாச்சி இருக்கற எடம், காலை வெக்காதீங்கோ! ஜாவ் ஜாவ்!” சொல்லிவிட்டுக் கல்லுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன ஏது என்று நாற்பது பேரும் கத்தியும் கத்திரிக்கோலுமாகத் திரும்பினார்கள். அக்கா அரிவாள்மணையோடு எழுந்தாள்.

குல்கர்னி இரண்டடி பின்னால் போனார். “இவர்கள் எல்லாம் உங்கள் உறுப்பினர்களா?” என்று சென்குப்தாவைக் கேட்டார்.

சென்குப்தா வாழ்க்கையில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மொட்டையாகிப்போன எருக்கஞ்செடியைப் பார்த்தார். முட்டைக்கு முன்னால் மலைபோல உட்கார்ந்திருந்த மாமியைப் பார்த்தார். “ஆமாம். எல்லாருமே” என்றார்.

குல்கர்னி டேப்பைச் சுருட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எனக்கும் கொஞ்சம் அருகம்புல் கிடைக்குமா? நாளைக்குப் பூஜை. வீட்டில் நேற்றிலிருந்து என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்” என்றார். மராட்டிக்காரர், அவர் வீட்டுப் பிள்ளையாரும் அதே பிள்ளையார்தானே! மாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கட்டு எடுத்து நீட்டினாள்.

நான் டெல்லியில் இருந்தவரை அங்கே கொட்டகை வரவில்லை. ஃபைல் தூங்கிவிட்டது என்றார்கள். ஆபீஸில் சென்குப்தா சில நாள் என் ஃபைலையெல்லாம் பியூன் மூலமாகவே அனுப்பினார். கடைசியில் கூப்பிட்டு, “ஆள் கேட்டேன். நீ வெட்டுக்கிளி கொண்டுவந்தாய்” என்றார். ஆனால் மழைக்காலம், அருகம்புல்லா அடங்கும்? சீக்கிரமே பழையபடி தழைத்துவிட்டது. ஒரு காலை என் மேஜை பக்கமாக வந்து, “குஞ்சு பொரித்துவிட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு டைப் அடித்ததெல்லாம் தப்பாகவே விழுந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த கூட்டத்துக்கு அத்தனை பேரும் வந்தார்கள். சாரதா மாமிதான் நடத்தினாள். சதுர்த்திக்கு முதல் நாள் தவிர வேறு நாளில் யாரும் இலை பறிக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு பிடிக்கு மேல் கிடையாது. மீறினால் மாமியிடம் பதில் சொல்ல வேண்டும். (சர்க்கார் சட்டத்தை மீறியவர்கள் உண்டு. இதை யாரும் மீறவில்லை.) கடைசியாக, “ஆள் சேக்கற பிள்ளையாண்டானை மாத்திடலாம். யாரை வேணா அழைச்சுண்டு வந்துடறான்” என்றாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் அக்கா கை. சென்குப்தாவும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். நான் சேர்த்த ஆட்களே சேர்ந்து என்னை நீக்கிய வரலாறு இதுதான்.

போன வருஷம் சென்னையில் என் பெண் கல்யாணம். வீடு வீடாகப் போய் நான்தான் அழைத்தேன். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள், வந்தவர்கள் மேடைப் பூவையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் கட்டிய வாழைமரத்தில் ஓர் இலை மிச்சமில்லை. ஒரு மாமா குலையையே தோளில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் கையைக் காட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, சம்பந்திகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏல, இவங்களையும் நீதான் கூப்பிட்டியா?”