தேரைக்காரரும் நுரை தள்ளிய மணியும்

ஆரணியில் பட்டு நெய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கலாம். ஆனால் தறிக்குழியில் தேரை தூங்குகிறது என்பதற்காக மிதியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர் உலகத்திலேயே ஒருவர்தான். தெருவில் அவருக்குத் தேரைக்காரர் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் அவருக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்க ஒரு குழி உண்டு. மழைக்காலத்தில் தேரைகள் அதற்குள் குடியேறிவிடும். மற்றவர்கள் முறத்தில் அள்ளித் தெருவில் கொட்டுவார்கள். இவர் கொட்டமாட்டார்.

“பட்டைக் கடிக்கிற பாச்சைய அது துன்னுது. லீவா கேக்குது?” என்பார்.

அவரிடம் மாட்டியவர்கள் தேரையின் தற்காப்புக் கலையைக் கற்காமல் தப்பியதில்லை. “பாம்பு வந்தா இது இன்னா பண்ணும் தெரியுமா?” என்று கேட்பார். பதிலுக்குக் காத்திராமல் அங்கேயே கையைத் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வார். கண் பிதுங்கும்வரை விடமாட்டார். “இம்மாம் பெருசை எப்டி முழுங்கறதுன்னு பாம்பே யோசிக்கும்.”

கையில் பிடித்தால் மூத்திரம் பெய்யும். ஆபத்து என்றால் மண்ணாங்கட்டி மாதிரி அசையாமல் கிடக்கும். “தவளைக்கு காலு இருக்குது, எகிறி தண்ணில பூடும். இதுக்கு அவ்ளோ ஓட வராது. அதான் கண்ணுக்குப் பின்னால பால் வச்சிருக்குது. கவ்வினவன் வாய் எரிஞ்சி நுரை தள்ளும்.” ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் பரிமாறும் நேரத்தில் இதை விளக்கினார். அந்த வரிசையில் யாரும் ரசம் வாங்கவில்லை.

நான் ஒருமுறை குறும்பாகக் கேட்டேன். “ஏண்ணா, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா அது இன்னா பண்ணும்?”

“அசையாம கெடக்கறதுதான் நைனா நல்லது” என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டு, தெருவில் பாவு நூலைக் கழிகளில் நீளமாக விரித்திருந்தார்கள். சாக்கடை ஓரத்திலிருந்து என் நாய் மணி தள்ளாடி வந்தது. வாயெல்லாம் நுரை. தலையை உதறிக்கொண்டே இருந்தது.

அரை மணி முன்புதான் அது என் உள்ளங்கையை நக்கியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் மணியின் ஞாபகம் வரவில்லை, என் தொப்புள்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் வெறிநாய் என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. “வெறி புடிச்சிடுச்சி” என்று அலறிக்கொண்டு, அங்கே நின்ற மாட்டுவண்டியின் மேல் ஏறிவிட்டேன்.

நெசவுத் தெருவில் கழிக்குப் பஞ்சமா? பாவு விரித்த கழிகளை உருவிக்கொண்டு நாலைந்து பேர் வந்து மணியைச் சுவரோரம் மடக்கினார்கள். அது வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தது. “அடிக்காதீங்க” என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

“நவுருங்க. ஒரே போடு, முடிஞ்சிடும்” என்று தெருக்கோடி வீட்டு மேஸ்திரி கழியை ஓங்கினார்.

“இருப்பா.” தேரைக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்திருந்தார். “முன்னங்காலால வாயைத் தேச்சிகினு இருக்குது பாரு.” குனிந்து சாக்கடை ஓரமாகத் தேடினார். கல்லிடுக்கில் ஒரு தேரை பந்துபோல் உப்பி உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாகப் பால் கசிந்திருந்தது. “இதைத்தான் கவ்வியிருக்குது.”

“தேரை இருந்தா வெறி இருக்காதா? பல்லு பட்டா நீ காலிண்ணா” என்றார் மேஸ்திரி.

“தண்ணி கொண்டா, ஜல்தி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மணியின் முன்னால் உட்கார்ந்தார். அதன் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, ஈரத்துணி சுற்றிய விரலை வாய்க்குள் விட்டார். ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் என்று துடைத்துத் துடைத்துத் தண்ணீர் ஊற்றினார். “முழுங்க வுடக்கூடாது. யாராவது தலையைப் புடிங்க.”

நாய்க்குச் சொந்தக்காரன் வண்டிமேல் இருந்தபடியால், மேஸ்திரிதான் கழியைக் கீழே போட்டுவிட்டு வந்து பிடித்தார்.

மூன்று குடம் தண்ணீர் ஆயிற்று. நுரை அடங்கியது. மணி உடம்பை ஒருமுறை சிலிர்த்துவிட்டு, தேரைக்காரரின் முழங்காலில் தலையைச் சாய்த்துப் படுத்தது. கழிகள் பாவுக்குத் திரும்பின.

“அண்ணா, தேரைதான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?” என்று மேலிருந்தே கேட்டேன்.

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். “முக்காவாசி தெரியும் நைனா.”

“மீதி கால்வாசி?”

“அதை யோசிச்சிகினு இருந்தா அடிச்சிட்டிருப்பாங்களே.”

வண்டியிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணியின் வாய்க்குள் போன அந்தக் கையில் இன்னும் தண்ணீர் சொட்டியது. ஈரத்தோடு அதைப் பிடித்துக்கொண்டேன். அவராக இழுத்துக்கொள்ளும்வரை விடவில்லை.