வெள்ளிமலைக்குப் போய் வந்த கோட்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய ஒருவனுடைய சட்டைகூட அவனுக்குச் சரியான அளவில் இருந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை சாமி, டைம் கீப்பர் சொன்னது. நாள் பூராவும் பஸ் வந்துகொண்டே இருக்கும், ஜனம் இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை பேர் உடுப்பையும் தன் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி பார்த்து, அத்தனையையும் தள்ளுபடி செய்தவர் இந்தப் பூமியில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. களமருதூரிலிருந்து அவர் சம்சாரம் ஒருமுறை சாப்பாட்டுக் கூடையோடு வந்தபோதுகூட, "டைம் கீப்பரு இல்லீங்களா?" என்றுதான் விசாரித்தார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டுமோ அப்போது கிளம்பும். வம்பு எங்கே என்றால் அவர் கையில் இருந்த மைக்கில். திருக்கோவிலூர் வண்டி புறப்படப்போவதை அறிவிப்பார். அதே மூச்சில், அந்த வண்டியில் ஏறப்போகும் பச்சைச் சட்டைக்காரரின் காலர் பின்பக்கம் மடிந்திருப்பதையும் அறிவிப்பார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். பச்சைச் சட்டைக்காரர் பாவம், காலரைச் சரிசெய்கிறேன் என்று கையிலிருந்த பையைக் கீழே போடுவார்.

ஒருநாள் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் சட்டை கழுத்தை இறுக்குகிறது, கழுத்து இறுகினால் மனுஷனுக்குக் கோபம் ஜாஸ்தியாகும் என்று மைக்கில் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு ஜாஸ்தியாகிவிட்டது. ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். போன மனிதர் சும்மா இருந்தாரா? ரைட்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாருடைய பேண்ட்டையும் விமர்சனம் செய்து முடித்தார். தாங்க முடியாமல் அவர்களே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அவருடைய சித்தாந்தம் இதுதான்: பஸ்ஸை விட்டு இறங்கினதும் எவன் சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறானோ, அவன் போட்டிருப்பது அவன் சட்டையே இல்லை. இவ்வளவும் பேசுகிறவரின் காக்கிச் சட்டைக்குள் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம். கேட்டால், அது சர்க்கார் கொடுத்த அளவு, அதற்கு நான் பொறுப்பில்லை என்பார்.

நானும் அவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறை. அப்போது நான் ஒரு விதைக் கம்பெனியில் தற்காலிகம். டெம்பரரி என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். ஊர் ஊராகப் போய் மக்காச்சோள விதை விற்க வேண்டும். என்றைக்கு வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடக்கூடிய வேலை. சொல்லிவிட்டால் பெரியப்பாவின் உரக்கடைக்குப் போய் மூட்டை பிரிக்க வேண்டியதுதான். பெரியப்பா இருக்கிறாரே, சொந்தப் பிள்ளையையே மூன்றாம் மனுஷனாக நடத்துகிறவர். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். நேர்முகத் தேர்வு, தேறினால் வேலை நிரந்தரம், ஆபீசர் பதவி. பம்பாயிலிருந்து புதுப் பெரியவர் வந்திருக்கிறார், எல்லாரும் கோட்டு சூட்டோடுதான் வரவேண்டும் என்பது அவர் உத்தரவு. நான் அதுவரை கோட்டு போட்டதே இல்லை. மழைக் கோட்டுகூட இரவல்தான்.

இதை லாட்ஜில் வாய்விட்டுச் சொன்னது என் கிரகம். டைம் கீப்பர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவம் செய்தவனுக்குச் சாமி பிரத்தியட்சம் ஆனால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நீ கவலைப்படாத தம்பி. நான் இருக்கறேன்" என்றார்.

நான் கவலைப்பட ஆரம்பித்தது அங்கேதான்.

அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் கோட்டு என்றால் இரண்டே சாதி. மாப்பிள்ளை போடுவது ஒன்று. வக்கீல் போடுவது இன்னொன்று. ஜவுளிக்கடையில் எடுத்துப் போட்டதெல்லாம் அரக்குச் சிவப்பில் கல் பதித்து மின்னியது. நெஞ்சில் குத்திக்கொள்ள ரோஜாப்பூவும் இலவசம் என்றார்கள். டைம் கீப்பர் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் இருந்த ஒரு டெய்லரிடம் போனார். டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார், "ரிசப்ஷனா, கோர்ட்டா?"

"ரெண்டும் இல்ல. வேலைக்கு" என்றார் டைம் கீப்பர்.

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அவர் தொழிலில் இப்படி ஒரு வியாதியைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

துணி எடுக்கவே அரை நாள் போனது. பளபளப்பு கூடாது, பளபளத்தால் மாப்பிள்ளை. கறுப்பு கூடாது; கறுத்தால் வக்கீல். ஒவ்வொரு துணியையும் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்து, முஷ்டிக்குள் வைத்துக் கசக்கி, விரித்து, முகர்ந்துகூடப் பார்த்தார். முகர்ந்தது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று பாஸானது. அளவெடுக்கும்போது டெய்லர் ஒரு தடவை எடுத்தால் இவர் வாங்கி மறுபடி எடுத்தார். அப்படியானால் நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று டெய்லர் கத்தரிக்கோலை நீட்டினார். இவர் நிஜமாகவே கையை நீட்டினார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"தோளு எலும்பு எங்க முடியுதோ, கோட்டும் அங்க முடியணும்" என்றார் டைம் கீப்பர். "இடுப்பைப் புடிச்சிக்கலாம், கையைக் கொறைச்சிக்கலாம். தோளு தப்பா பூடுச்சின்னா, அந்தக் கோட்டுக்கு ஏத்த வேற ஆளைத்தான் மெட்ராஸுக்கு அனுப்பணும்."

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் கோட்டு பாதித் தையலில் தயாரானது. உடம்புப் பகுதி முடிந்திருந்தது. கைகள் இரண்டும் வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. போட்டுப் பார்த்துச் சொன்னால் மறுநாள் காலையில் முடித்துக் கொடுப்பதாக டெய்லர் சொன்னார். கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. டைம் கீப்பர் பார்க்க வேண்டாமா? அவருக்கு டியூட்டி நேரம். போட்ட கோட்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

கூண்டிலிருந்து மைக் கூப்பிட்டது. வெள்ளிமலை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சாம்பல் கோட்டுத் தம்பி கையைத் தூக்கவும். தூக்கினேன். குனியவும். குனிந்தேன். பூ விற்கிறவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவரே எழுந்து வந்து, நின்று பார்த்தால் தெரியாது, பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று என்னைப் படிக்கட்டில் ஏற்றி உள்ளே தள்ளினார். கம்பியைப் பிடித்ததுதான் தாமதம், விசில் சத்தம் கேட்டது. ஊதியவர் அவரேதான். வண்டி கிளம்பிவிட்டது.

நான் கத்தினேன். கண்டக்டர் சாவகாசமாக வந்து, "டைம் கீப்பரு சொல்லிட்டாருங்க. மலை ஏறி எறங்கினாத்தான் கோட்டு பாஸாம்" என்றார். என்னை வழியில் எங்கேயும் இறக்கக் கூடாது என்றும் உத்தரவாம். டிக்கெட்டையும் அவரே வாங்கியிருந்தார்.

உட்காரவும் இடம் இல்லை. கல்வராயன் மலைப் பாதையில் நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒவ்வொரு வளைவிலும் நாம் ஒரு தடவை பக்கத்து ஆள் மடியில் உட்கார்ந்து எழுந்திருப்போம். இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். மேலே போகப் போக அக்குளுக்குக் கீழே டிக் டிக்கென்று நூல் விடும் சத்தம். கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் கோட்டின் இடது கை மொத்தமாகக் கழன்றது, கம்பியை விட்டதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. அதை மடித்துப் பக்கத்தில் யாரோ வைத்திருந்த பலாப்பழத்தின்மேல் வைத்தேன். வெள்ளிமலையில் ஒரு டீ குடிக்கலாம் என்று இறங்கினேன். நான் குடித்து முடிப்பதற்குள் வண்டி உள்கிராமத்துக்குப் போய்விட்டது, என் கோட்டுக் கையோடு.

சாயங்காலம் அதே வண்டிதான் திரும்பி வரும். ஆக, ஒரு கையோடு உட்கார்ந்து இன்னொரு கைக்காகக் காத்திருந்தேன்.

டீக்கடைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோட்டு போட்டவன் மாப்பிள்ளை. கையை எவனோ பிய்த்திருக்கிறான். அப்படியானால் பெண் வீட்டார் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இவன் திமிறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். இதுதான் அவர்கள் முடிவு. யாரும் என்னைக் கேட்கவே இல்லை. சாமை அறுத்துவிட்டு வந்த ஒரு அம்மாள் மட்டும் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"பொண்ணு இன்னாப்பா பாவம் பண்ணிச்சி? அங்க அழுதுக்கினு இருக்குமே" என்றார். அவர் கண்ணிலேயே தண்ணீர்.

அம்மா, கல்யாணம் இல்லை, இது வேலைக்காகத் தைத்த கோட்டு என்றேன்.

"கோட்டு போட்டுக்கினு யாராவது வேல செய்வாங்களா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் சோறு போட்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ஓடிப்போன மாப்பிள்ளையே ஆனாலும் பசியோடு விடக்கூடாது என்ற நல்ல மனசு. சாப்பிட்டுக்கொண்டே, நான் விற்கிற விதையை மலைக்காரர்கள் ஏன் வாங்குவதே இல்லை என்று கேட்டேன். அந்த அம்மாள் விளக்கினார். உன் விதையை ஒவ்வொரு தடவையும் கடையில் வாங்கணும். எங்க சாமை எங்க வீட்டிலேயே விதைக்கு நிற்கும். மழை ஏமாத்தினாலும் அது கொஞ்சமாவது கொடுக்கும். இதைச் சொல்லிவிட்டு, சரி, இப்ப கீழே போய் அந்தப் பொண்ணு கழுத்தில் தாலி கட்டு என்று முடித்தார். கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் என்னை வண்டி ஏற விட்டார்கள். கோட்டுக் கை கம்பியில் தொங்கிக்கொண்டு வந்திருந்தது.

இறங்கும் வழியெல்லாம் டைம் கீப்பரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். நல்ல நல்ல வார்த்தைகள். பஸ் ஸ்டாண்டில் அவர் கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டெய்லர், ஊசி நூலோடு. டெய்லரின் முகத்தைப் பார்த்தால் அவரையும் இழுத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் டைம் கீப்பர் கேட்டார்.

"எந்த வளைவுல பூடுச்சி?"

கடைசிக்கு முந்தினது என்றேன்.

"பரவால்ல, தாங்கியிருக்குது" என்று டெய்லர் பக்கம் திரும்பினார். அக்குள் வெட்டு கீழே இறங்கிவிட்டதால்தான் கையைத் தூக்கும்போது கோட்டையே இழுக்கிறது என்றார். ஓட்டுத்தையலைப் போட்டு மலையேறினால் எவன் கோட்டும் பிரியும் என்றார் டெய்லர். இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். நடுவில் நான், கோட்டு மாட்டுகிற மரக்கட்டை மாதிரி. எதையோ உயர்த்தி எதையோ இறக்கி மறுநாள் காலையில் கோட்டு வந்தது. போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினால் கை மட்டும்தான் உயர்ந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சென்னையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் கோட்டு. டைம் கீப்பர் என்னைக் கெடுத்து வைத்திருந்தாரே, எனக்கு முகம் ஒன்றும் தெரியவில்லை, தோள்தான் தெரிந்தது. ஒருவருக்குத் தோள் இரண்டு விரற்கடை வெளியே தொங்கியது. பம்பாய்ப் பெரியவர் மின்விசிறியை வேகமாக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். கோட்டு மொத்தமும் காது வரை ஏறியது. அக்குள் வெட்டு இறங்கிவிட்டது சார் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

மலைக் கிராமங்களில் விற்பனை ஏன் பூஜ்யம் என்று கேட்டார்கள். நான் டீக்கடையில் கேட்டதை அப்படியே சொன்னேன். எப்போது அங்கே போனீர்கள் என்றார் பெரியவர். நேற்று முன்தினம், இதே கோட்டில், ஒரு கையோடு என்றேன். அப்புறம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தாலி கட்ட வாக்குக் கொடுத்த இடத்தில் பெரியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வேலை கிடைத்தது. சேலத்தில் போட்டார்கள்.

டைம் கீப்பரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. எல்லாம் கோட்டு செய்த வேலை என்றார். நான் வாய் திறந்து பேசினதற்கு அதில் பங்கே கிடையாது.

சேலத்துக்குக் கிளம்பிய அன்று கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு அவர் கூண்டுக்கு முன்னால் நின்றேன். அன்றைக்கு மைக்கில் யாருடைய சட்டையைப் பற்றியும் பேச்சே இல்லை. என்னைச் சுற்றி வந்தார். தோளைத் தடவிப் பார்த்தார். பின்னால் நின்று முதுகுத் தையலை விரலால் நீவி விட்டார். திரும்பிப் பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது.

"எடது தோளு கொஞ்சம் எறங்கிக்கினு இருக்குது தம்பி" என்றார். "இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. மாசத்துக்கு ஒரு தபா வந்து காட்டிட்டுப் போ."

சேலம் வண்டி கிளம்பியது. அங்கே போய் நான் பெரிய கண்ணாடிகளில் எல்லாம் பார்த்துவிட்டேன், ஆபீசிலும் கேட்டுவிட்டேன், தோள் இறங்கவே இல்லை. இருந்தும் மாதா மாதம் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒரு மாதம் வலது தோள் என்பார், ஒரு மாதம் காலர் என்பார், ஒரு மாதம் நீ இளைத்துவிட்டாய் என்பார். ஒரு தடவைகூடச் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அடுத்த மாதம் எதைச் சாக்காக வைத்து வருவது என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.