நாலிங் பாலத்து மாலை மழை

இந்த உலகத்தில் அழியாதவை மூன்று: மலை, ஆறு, யுன்தாங் வட்டச் சரிதம். இவற்றில் மலையை வெடிவைத்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மழைக்காலத்தில் ஒரு வழியும் வெயில்காலத்தில் வேறொரு வழியும் போகிறது. ஆகவே மிச்சமிருப்பது சரிதம் ஒன்றுதான். சிவப்புத் துணி அட்டை, தங்க எழுத்து, ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எடை மூன்றே கால் கிலோ. இதைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் எவரும் கெட்ட கனவு கண்டதில்லை. படித்தவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

இந்த மகத்தான நூலை எழுதியவர் மோ ஜிங்ஷூ. வட்ட அரசு மாளிகையின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கு நேர் எதிரே இருக்கும் சரித அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த அலுவலகத்தின் மொத்த 'பணியாளர் பலம்' மோவும் ஒரு வெந்நீர்க் குடுவையும்தான்.

வட்டம் என்று பெயரே தவிர, படத்தில் பார்த்தால் யுன்தாங் மிதிபட்ட சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். பத்தில் ஏழு பங்கு மலை, இரண்டு பங்கு ஆறு, ஒரு பங்கு வயல்; மீதியில் அரசு அலுவலகங்கள். தாங் வம்சத்தில் பிறந்த வட்டம், அன்று முதல் பதினோரு முறை கலைக்கப்பட்டுப் பன்னிரண்டு முறை உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை பாதி வட்டத்தைப் பக்கத்து ஹெங்லிங் வட்டத்துக்குக் கொடுத்தார்கள். இன்னொரு முறை முழுவதையும் கொடுத்துவிட்டு, பிறகு ஹெங்லிங்கையும் சேர்த்துத் திரும்ப வாங்கினார்கள். தலைமையூர் மூன்று தடவை இடம் பெயர்ந்தது: முதலில் வெள்ளத்துக்குப் பயந்து, அடுத்து கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து, மூன்றாவதாக ஓர் அதிகாரியின் மனைவிக்குக் கொசு ஒத்துக்கொள்ளாததால்.

இத்தனை மாற்றமும் ஷா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாலிங் ஊருக்குத் தெரியாது. எந்த ஆட்சியானாலும் வரி கேட்க வருகிறவர் இக்கரையில் நின்று கைதட்டிக் கூப்பிடுவார்; அவ்வளவுதான் நாலிங் கண்ட நிர்வாக வரலாறு. மோ பிறந்தது அந்த ஊரில். அவருடைய அக்கா யூலியான் அறுபத்தைந்து வயதிலும் அங்கேதான் இருந்தாள். இரண்டு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து, மூங்கில் தெப்பத்தில் ஊரை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோவது அவள் வேலை.

நாலிங்குக்கு ஒரு காலத்தில் கல்பாலம் இருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. மூன்று மொட்டைத் தூண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. கரையோரத்துத் தூணில் பெண்கள் துணி துவைப்பார்கள். பாலம் வேண்டும் என்று ஊர் எழுதாத மனு இல்லை, தேயாத செருப்பு இல்லை.

சரிதம் எழுதும் பணியின் கடைசிக் கட்டத்தில் வட்டத் தலைவர் ஃபெங் ஒரு கூட்டம் போட்டார். பொருள்: 'யுன்தாங்கின் எட்டு எழிற்காட்சிகள்'. எந்த வட்டமும் எட்டுக் காட்சி இல்லாமல் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஹெங்லிங் வட்டம் தன் எட்டையும் பேருந்து நிலையச் சுவரில் வண்ணத்தில் தீட்டி வைத்திருந்தது. மோ கொண்டுவந்த பட்டியலில் ஏழுதான் இருந்தன.

"ஏழா?" என்றார் ஃபெங். "நம்ம பக்கம் ஏழு பதார்த்தம் எப்ப பரிமாறுவாங்க, தெரியுமில்ல?"

எல்லாருக்கும் தெரியும். இடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபிறகு. கூட்டத்தில் இருந்த பதினான்கு பேரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"எட்டாவது, நாலிங் பாலத்து மாலை மழை, தலைவரே. பழைய சரிதத்துல இருக்கு. ஆனா பாலம் வெள்ளத்துல போயிடுச்சு," என்றார் மோ.

"மழை இருக்கா?"

"இருக்கு."

"மாலை?"

"அது தினமும் வருது."

"மூணுல ரெண்டு இருக்கு. அப்புறம் என்ன? பெரும்பான்மை."

பிறகு வாக்கியத்தைச் செப்பனிடும் பணி நடந்தது. இரண்டரை மணி நேரம். நடுவில் மூங்கில்குருத்து ஊறுகாய் போட்ட நூடுல்ஸ் வந்தது. 'பாலம் வெள்ளத்தில் அழிந்தது' என்று மோ எழுதியிருந்தார். 'அழிந்தது' மக்களின் ஊக்கத்தைக் குலைக்கும் என்றார் துணைத் தலைவர். 'பாலத்துக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பு உண்டு' என்று மாற்றினார்கள். வெள்ளம் என்றால் நிவாரணத் துறைக்கு வருத்தம் வரும் என்று ஒருவர் நினைவூட்டவே, 'பாலத்துக்கும் ஆற்றுக்கும் நெடுநாள் உறவு' என்று ஆயிற்று. உறவு என்பது தெளிவில்லாத சொல். எனவே முடிவில், 'பாலம் ஆற்றின் குறுக்கே உள்ளது. இன்றும் மக்கள் இதன்மேல் நடந்து செல்கின்றனர்' என்று ஒருமனதாக நிறைவேறியது. ஓர் எழுத்துகூடக் கூடுதலாக இல்லாத, செறிவான நடை.

மோவின் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது உண்மை. ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம் இருந்தது. 'முதுநிலைச் சரிதாசிரியர்' என்ற பதவி உயர்வுக் காகிதம் ஃபெங்கின் மேசையில் இருந்தது. நாலிங்கோ இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

மறு வருடமே மாகாண அரசு 'பாலமில்லாத ஊரே இருக்கக்கூடாது' என்ற திட்டத்தை அறிவித்தது. நாலிங்கின் நாற்பத்தொரு வீட்டாரும் சிவப்பு மையில் பெருவிரல் பதித்த மனுவை யூலியான் சட்டைக்குள் செருகிக்கொண்டு வட்டப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் அலுவலர் மனுவைப் படித்தாள், சரிதத்தை எடுத்தாள், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பாலம் இருக்கிறது.

யூலியான், தான் தினமும் அந்த இடத்தில் கயிறு இழுப்பதாகச் சொன்னாள்.

"உங்க கயிறு எந்தப் பக்கத்துல இருக்கும்மா?" என்று அலுவலர் மரியாதையாகவே கேட்டாள்.

கயிறு எந்தப் பக்கத்திலும் இல்லை. யூலியான் மூன்று மாடி ஏறித் தம்பியின் அறைக்கு வந்தாள். வெந்நீர் ஊற்றிக் கொடுத்ததை அவள் தொடவில்லை.

"நீதானே எழுதின?"

"குழு எழுதினது, அக்கா."

"குழுவுக்கு நாலிங் எந்தத் திசைன்னு தெரியுமா?"

மோ கோப்பையைத் துடைத்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

"உன்னை முதுகுல துணியால கட்டிக்கிட்டு, இடுப்பு மட்டும் தண்ணியில நடந்து, பள்ளிக்கூடத்துல விட்டேன். எழுத்துப் படிக்கட்டும்னு," என்றாள் அவள். "இதை எழுதத்தானா படிச்ச?"

அவள் போனபின் மோ வெகுநேரம் அழுதார். ஆனால் அரசு ஊழியர் என்பதால் அதையும் அலுவலக நேரம் முடிந்தபிறகே செய்தார். மறுநாள் 'பிழை திருத்தம்' என்று தலைப்பிட்ட ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு ஃபெங்கிடம் போனார்.

ஃபெங் கோபிக்கவில்லை. பெரிய மனிதர்கள் கோபிப்பதில்லை, நடவடிக்கை எடுப்பார்கள். சரிதத்தின் திருத்தம் அடுத்த பதிப்பில்தான் வரமுடியும். அடுத்த பதிப்பு இருபது வருடம் கழித்து. அதற்குள் பாலம் கட்டினால், முன்பு பாலம் இல்லை என்பது அம்பலமாகிவிடும். ஏற்கெனவே இருக்கும் பாலத்துக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அதைப் பாதுகாப்பது. அன்று மாலையே ஆணை வந்தது. ஒன்று: நாலிங் பாலம் 'வட்ட நிலைப் பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னம்' ஆகிறது. இரண்டு: அங்கே பெயர்ப்பலகை நாட்டப்படும். மூன்று: பாலம் இருக்கும் இடத்தில் மூங்கில் தெப்பம் ஓடுவது பாலத்தின்மீது அவநம்பிக்கையைத் தூண்டும் என்பதால், மூங்கில் தெப்பங்கள் பறிமுதல் செய்யப்படும்.

பலகை கற்பூர மரம். எட்டடி நீளம், நாலடி அகலம், ஒரு சாண் கனம். மூன்று தலைமுறைக்கு உளுக்காது. வட்டத்திலேயே கையெழுத்து அழகானவர் மோ என்பதால் எழுத்தும் அவருடையதே: 'நாலிங் பாலம். மிகப் பழமையானது. இன்றும் மக்கள் இதன்மேல் நடந்து செல்கின்றனர். இதன்மேல் கைவைப்போர், இதைப் பறிக்க முயல்வோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர்.' திறப்பு விழாவில் ஃபெங் நாடா வெட்டி, மூன்று மொட்டைத் தூண்களையும் சற்று நேரம் பார்த்தார். "பழமையை எவ்வளவு எளிமையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்," என்று நெகிழ்ந்தார். ஆறு தெரியாமல் படம் எடுக்கும்படி புகைப்படக்காரருக்குச் சொல்லப்பட்டது. அக்கரையில் நாலிங் ஜனங்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். கைதட்டல் கேட்கவில்லை, தூரம் காரணமாக இருக்கலாம்.

தெப்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கயிற்றை விட்டுவிட்டார்கள், ஆணையில் கயிறு இல்லை. ஊர் புதுத் தெப்பம் கட்டியது. அதையும் கொண்டுபோனார்கள். மூன்றாவதையும்.

அந்தக் குளிர்காலத்தில் நாலிங்கின் பம்பளிமாசு முழுவதும் மரத்தடியிலேயே அழுகியது. சந்தைக்குப் போக மலையைச் சுற்றி முப்பத்தொரு கிலோமீட்டர். வெய் வீட்டு மருமகளுக்கு வலி கண்டபோது, ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில், மழையில், பாறைக்கு அடியில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். பிள்ளைக்கு 'பாலம்' என்றே பெயர் வைத்தார் வெய் கிழவர். ஊருக்கு ஒரு பாலமாவது நிஜமாக இருக்கட்டும் என்றாராம். வட்ட அரசின் அறிக்கையில் இச்செய்தி, 'பாலத்தின்மீது மக்கள் கொண்ட பற்று' என்ற தலைப்பில் வெளியானது. தொகுத்தவர்: முதுநிலைச் சரிதாசிரியர் மோ.

அந்தப் பத்தியை எழுதிய நாளிலிருந்து மோவுக்குச் சோறு இறங்கவில்லை.

சிங்மிங் நாள் வந்தது. பெற்றோரின் கல்லறையைத் துப்புரவு செய்து படைக்க வேண்டிய நாள், கல்லறை அக்கரையில். ஐந்து நிறச் சோறு, அவித்த கோழி, காகிதப் பணம் எல்லாம் கூடையில் வைத்துக்கொண்டு மோ காலையில் ஆற்றங்கரைக்கு வந்தார். மலையைச் சுற்ற அவர் காலுக்குத் தெம்பில்லை. கரையில் நின்று கூப்பிடுவோம், அக்காவின் முகத்தையாவது தூரத்தில் பார்ப்போம் என்ற எண்ணம்தான்.

கரையில் பலகையைக் காணோம். அது நின்ற இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. பக்கத்தில் பறிமுதல் அதிகாரிகள் மூன்று பேர் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள். நடு ஆற்றில் யூலியான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் காலடியில் நாலு எண்ணெய் பீப்பாய்கள். அவற்றின்மேல், தங்க எழுத்து வானத்தைப் பார்க்க, எட்டடிக் கற்பூரப் பலகை.

"அரசாங்கப் பலகையை ஏன் எடுத்தீங்க?" என்றார் மூத்த அதிகாரி, அவள் கரை சேர்ந்ததும்.

"நாங்க எங்க எடுத்தோம்? வெள்ளம் எடுத்துச்சு. இந்த ஆத்துக்கு அது பழக்கம்தானே," என்றாள் யூலியான். "கயித்துல வந்து மாட்டிச்சு. எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி கடைசி வரியை ஒரு தடவை படிச்சிருங்க."

மூன்று பேரும் குனிந்து படித்தார்கள். பிறகு மூத்தவர் மேலிடத்துக்குத் தொலைபேசினார். மூங்கிலா என்று மேலிடம் கேட்டது. கற்பூர மரம். தெப்பமா? பாலம் என்று எழுதியிருக்கிறது, சார். பறித்தால் என்ன ஆகும்? கடுமையான தண்டனை என்று போட்டிருக்கிறது, சார், வட்டத் தலைவர் முத்திரையோடு. மேலிடம் சிறிது யோசித்து, பாலம் பாதுகாப்பாக இருப்பதாகப் பதிவு செய்துவிட்டு வரச் சொன்னது. அவர்கள் பதிவு செய்துவிட்டுப் போனார்கள்.

மோ கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரோரம் வந்தார். அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கீழே பார்த்தால் தன் கையெழுத்து. எழுத்தின்மேல் மிதிக்கக் கூசி, குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.

"எதுக்குக் கழட்டுற?" என்றாள் யூலியான், கயிற்றை விடாமல். "மிதிச்சு ஏறு. நாங்க அறுபது வருஷமா இது மேலதான் நடந்து போறோம்னு நீதானே எழுதியிருக்க."