ஆஸ்பத்திரிக்குக் குப்பை தேவை

மனித நாகரிகம் இதுவரை எட்டிப்பிடித்த சிகரங்களில் ஆக உயரமானது, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில், ஒரு பழைய நெற் களஞ்சியத்தின் பின்பக்கம், மாட்டுக் கொட்டிலுக்கு அருகில் இருந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம் அது லொறியில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரிகளின் ஆபத்தான கழிவுகளை எரிக்காமல், புகைக்காமல், கொதி நீராவியில் அவித்தே சுத்தப்படுத்துகிற இயந்திரம் அது. பெயர் 'எரியா வெப்பக் கலன்'. உலகத்துப் பெரிய நகரங்கள் எல்லாம் இன்னும் குப்பையைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, வன்னிக்காரர் மட்டும் ஒரே தாவலில் அடுத்த நூற்றாண்டுக்குள் போய் விழுந்தார்கள்.

களஞ்சியத்தில் அப்போது நெல் இருக்கவில்லை, ஆஸ்பத்திரி இருந்தது. பழைய ஆஸ்பத்திரி ஷெல் விழுந்து எரிந்துபோனதால், மிஞ்சிய கட்டில்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி எரிந்தபோது காற்று மாசடைவதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை. அதனாலென்ன, கவலை இப்போது வந்துவிட்டது. நல்ல கவலைகள் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

இயந்திரத்தோடு ஒரு பதவியும் வந்தது. ஆஸ்பத்திரியின் களஞ்சியப் பொறுப்பாளர் சிற்றம்பலம், அன்றே 'ஆபத்தான கழிவு முகாமைத்துவப் பொறுப்பதிகாரி'யாக உயர்ந்தார். அதுவரை அவர் வெறும் அலுமாரிகளைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார். மருந்து வருகிறதோ இல்லையோ, காலையில் திறந்து மாலையில் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொள்வார். அப்படிப்பட்ட ஒருவரிடம் கழிவை ஒப்படைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறீர்கள்.

இயந்திரத்தை அன்பளித்தது சுற்றாடலைக் காக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. அதன் வவுனியா அலுவலகத்திலிருந்து வந்த பிரியந்தினி என்ற பெண்தான் விளக்கவுரை ஆற்றினாள். கூரானவை சிவப்புப் பைக்குள், இரத்தம் பட்டவை மஞ்சள் பைக்குள். மாத முடிவில் அவள் வந்து, அவித்த கழிவைக் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதுவாள். அறிக்கையில் கடைசிக் கேள்விதான் நிறுவனத்துக்கு உயிர்: எரிக்கவில்லைத்தானே? கூட்டம் கைதட்டியது. மீனம்மா என்ற சிற்றூழியர் மட்டும் கலனைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, அது புட்டு அவிக்கிற ஒரு பெரிய நீத்துப்பெட்டி என்று தீர்ப்புச் சொன்னாள்.

உண்மையில் கூட்டம் கைதட்டியது கலனுக்கு அல்ல, அதோடு வந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கு. எரியாக் கலன் நீராவி எழுப்ப எண்ணெய் எரிக்கவேண்டும். சத்திரசிகிச்சை அறைப் பெற்றோல்மாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டு ஆஸ்பத்திரி விண்ணப்பித்தபோதெல்லாம், பாதுகாப்புக் காரணங்களைக் காட்டிக் கொழும்பு மறுத்தது. குப்பை அவிக்க என்றவுடன் அதே கொழும்பு மாதாமாதம் ஒரு பீப்பாய் தர ஒப்புக்கொண்டது. நோயாளியை வெளிச்சத்தில் வெட்டுவதில் இருக்கும் ஆபத்து, குப்பையை அவிப்பதில் இல்லை என்று பெரியவர்கள் ஆராய்ந்து கண்டிருந்தார்கள். ஆனால் நிபந்தனை ஒன்று: அவித்த கழிவைக் காட்டாவிட்டால் பீப்பாய் நின்றுவிடும்.

சிற்றம்பலத்துக்கு இந்தப் பீப்பாய் வெறும் பீப்பாய் அல்ல. அவருடைய ஒரே மகள் கிருசாந்தினிக்கு அது நிறைமாதம். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று டொக்டர் தயாபரன் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே டொக்டர் அவர். வவுனியாவுக்குக் கொண்டுபோக இராணுவத்திடம் பாஸ் கேட்டு வைத்தார்கள், பதில் இல்லை. மருமகன் மூன்று மாதத்துக்கு முன் வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போனவன், திரும்பி வரப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே லொறிக் கிளீனராக நின்றான். பகல் முழுக்கப் பொறுப்பதிகாரியாக நெஞ்சை நிமிர்த்தி நடந்த சிற்றம்பலம், வீட்டுக்குப் போனதும் மகளின் வயிற்றைப் பார்க்கப் பயந்து முற்றத்திலேயே நின்றார்.

மறுநாள் அவர் பைகளோடு கழிவு சேகரிக்கப் புறப்பட்டார். அப்போதுதான் சுற்றாடல் நிறுவனம் ஆராயாமல் விட்ட ஒரு சிறு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கழிவு இல்லை.

சேலைன் போத்தல்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மருந்துப் போத்தல்கள் திரி போட்ட விளக்குகளாகி ஊரெங்கும் எரிந்தன. பண்டேஜ்களை மீனம்மா அவித்துத் தோய்த்து வேலியில் காயப்போட்டிருந்தாள். அதில் சில, அவள் சொன்னபடி, அவளைவிடக் கூடுதலான இடம்பெயர்வுகளைக் கண்டவை. பாவித்த ஊசிச் சிறிஞ்சுகள் எங்கே என்று கேட்டதற்கு, டொக்டர் வெட்கத்தோடு தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டியை உசுப்ப, காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சவேண்டும். அதற்குச் சிறிஞ்சைவிடத் தோதான சாமான் வன்னியில் இல்லை. சரி, பிரசவ அறையிலாவது ஏதாவது இருக்குமென்று போனால், அங்கே நின்ற தகப்பன் ஒருவர் பிள்ளையோடு வந்த இளங்கொடியைச் சட்டியில் வாங்கிக்கொண்டு, தன் வீட்டு வளவில் புதைப்பதற்காகச் சைக்கிளில் ஏறினார். தன் பிள்ளையின் கொடியை மெசினில் போட அவர் என்ன பைத்தியமா?

திரும்பி வந்தபோது மஞ்சள் பைகளையும் காணவில்லை. நோயாளர் விடுதிக் கூரை ஒழுக்கில் அவை அழகாகச் செருகப்பட்டிருந்தன.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. 'கழிவு உற்பத்தியை ஊக்குவித்தல்' என்ற தலைப்பில் சிற்றம்பலம் நீண்ட நேரம் பேசினார். ஒரு சமூகம் எதையும் எறியாமல் இருப்பது அதன் பின்தங்கிய நிலையைக் காட்டுகிறது என்றார். பொதுமக்கள் இனி எதையும் வீணாக்காமல் வீசவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறி, சைக்கிளில் கட்டிய ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. மக்கள் ஒத்துழைத்தார்கள். சாயங்காலமே ஒரு கிழவர் உடைந்த வெப்பமானியோடு வந்து நின்றார்.

"அவிச்சுப்போட்டுத் திருப்பித் தருவியளோ?"

தரமாட்டோம் என்றதும் அவர் அதைத் திரும்பவும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கலைந்தார்கள்.

மாதம் முடிந்துகொண்டு வந்தது. தாதி புனிதமலர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், எதையும் நேரே சொல்லுகிறவர். அவர் சிற்றம்பலத்தைக் கூப்பிட்டு, வெளிச்சம் இருந்தாலும் கையுறை இல்லை, தைக்க நூல் இல்லை, ஏற்றச் சேலைன் இல்லை, மகளுக்கு மாதாவைத்தான் நம்பவேண்டும் என்றார். சிற்றம்பலம் சைவக்காரர். அன்றிரவு மாதாவையும் கும்பிட்டார்.

காலையில் அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. உள்ளூரில் கழிவு விளையாவிட்டால், இறக்குமதி செய்வது. மருந்து கேட்ட விண்ணப்பம் கொழும்பில் ஒரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வவுனியாவிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் குப்பையைக் கொண்டுவர அவர் எழுதிய விண்ணப்பத்துக்கு அந்தக் கிழமையே அனுமதி வந்தது. இப்படியொரு வேகத்தை அரசாங்க நிர்வாகம் அதற்கு முன்னும் காட்டியதில்லை, பின்னும் காட்டவில்லை. வவுனியாவில் குப்பையை ஏற்றிவிட்டது மருமகன்தான். அவன் வரத் தடை, அவன் ஏற்றிய குப்பை வரத் தடையில்லை. மருந்துப் பெட்டி என்றால் பிரித்துக் குத்திக் கிண்டிப் பார்க்கிற சோதனைச்சாவடி, இந்த லொறியை மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை அசைத்து அனுப்பியது.

பைகளைக் கொட்டிய புனிதமலர், "மாதாவே" என்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மேலே கொஞ்சம் பஞ்சும் நாற்றமும். கீழே உடைக்காத சேலைன் போத்தல்கள், பிரிக்காத தையல் நூல், கூடு கிழியாத மருந்துகள், ஒரு பெட்டி நிறையக் கையுறைகள். போன மாதத்தோடு திகதி முடிந்துபோனதால் அங்கே எறிந்திருந்தார்கள்.

"இதையோ ஐயா எறிஞ்சவை?" என்று மீனம்மா சிற்றம்பலத்தைக் கேட்டாள். அவரே எறிந்ததுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டொக்டர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதவாததை ஒதுக்கினார், அது ஒரு கைப்பிடிதான். மிச்சத்தைக் காட்டிச் சொன்னார்:

"திகதி முடிஞ்சால் என்ன அண்ணை. இஞ்ச நாங்கள் எல்லாரும் திகதி முடிஞ்சுதானே இருக்கிறம்."

கலன் அன்று முதன்முறையாகச் சீறியது. கையுறை, கத்தரிக்கோல், துணி, எல்லாம் உள்ளே போய் ஆவி பறக்க வெளியே வந்தன. வெளியே வந்ததை எல்லாம் சிற்றம்பலம், இருபது வருடப் பழக்கத்தில், துடைத்து அலுமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டார். திறப்பை மடியில் செருகிய பிறகுதான் அவருக்கு விளங்கியது: அலுமாரி நிறைந்திருக்கிறது, கழிவு இல்லை. டொக்டர் ஒதுக்கிய கைப்பிடியைக்கூட, போத்தல்கள் நல்ல போத்தல்கள் என்று மீனம்மா கழுவிக் கொண்டுபோய்விட்டாள். பொறுப்பதிகாரி தோற்றுப்போனார். களஞ்சியக்காரர் வென்றுவிட்டார்.

அடுத்த நாள் கிருசாந்தினிக்கு வலி தொடங்கியது. கழிவுக்கென்று வந்த எண்ணெயில் பெற்றோல்மாக்ஸ் எரிந்தது. சிற்றம்பலம் கலனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அன்றும் கத்தரிக்கோல் அவித்ததில் சூடு ஆறாத அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பதவிக்கு மரியாதை கொடுத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளேயிருந்து ஒரு குழந்தை கத்தியபோது அவர் எழும்பி, எதற்கென்று தெரியாமல், கலனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சொன்னபடி மாத முடிவில் பிரியந்தினி வந்தாள். கலனைத் திறந்தாள். வெறுமை. அவித்த கழிவைக் கொட்ட வெட்டியிருந்த குழியைப் பார்த்தாள். அங்கே ஒரு கோழி படுத்திருந்தது.

"ஐயா, லொறி நிறையக் கழிவு வந்ததெண்டு கேள்விப்பட்டன். அவிச்ச கழிவு எங்க?"

சிற்றம்பலம் அவளை விடுதிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கிருசாந்தினி நித்திரையாக இருந்தாள். பக்கத்தில், கிழிந்து தைத்த மஞ்சள் பையின் மேல் விரித்த துணியில், சிவப்பாக ஒரு பெண் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"இதுதான், பிள்ளை. வயித்தைத் தைச்ச நூல் உங்கட வவுனியாக் குப்பை. ஏத்தின சேலைன் உங்கட குப்பை. டொக்டர் போட்ட கையுறை உங்கட குப்பை. எல்லாம் அவிச்சு முடிய மிஞ்சினது இவ்வளவுதான்."

பிரியந்தினி குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பேனையை எடுத்து, எடை என்ற இடத்தில் மூன்று கிலோ என்று எழுதினாள். கடைசிக் கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் விட அவளுக்கு அதிகாரம் இல்லை.

"எரிக்கேல்லைத்தானே, ஐயா?"

மாங்குளப் பக்கமாக ஒரு விமானம் இரையத் தொடங்கியிருந்தது. விடுதியில் நடக்கக்கூடியவர்கள் பதுங்குகுழியை நோக்கி எழும்பினார்கள். சிற்றம்பலம் குழந்தையைத் துணியோடு அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"இன்னும் இல்லை, பிள்ளை."