மார்க் அக்காவும் மாம்பலம் மேம்பாலமும்

மேற்கு மாம்பலத்தில் பயந்தவர்களுக்கெல்லாம் ஒரு தலைவர் வேண்டுமென்று தேர்தல் வைத்தால், மார்க் அக்கா போட்டியின்றித் தேர்வாவார். எதிர்த்து நிற்க எங்களுக்குத் தைரியம் ஏது?

அக்கா எங்கள் கார்ப்பரேஷன் வார்டுக்கு வரும் மனநலப் பணியாளர். இரண்டு வருடம் வாசலைத் தாண்டாமல் பயந்து கிடந்து, வைத்தியம் பார்த்துத் தேறி, தன்னைப் போன்றவர்களைத் தேற்றும் வேலைக்கே சேர்ந்தவர். முழுக்கத் தேறினார் என்று சொல்ல முடியாது. லிஃப்ட், நாய், கூரியர்காரர் அடிக்கும் காலிங்பெல் எல்லாவற்றுக்கும் இன்னும் நடுங்குவார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்தான். ஆனாலும் தெருவுக்கே அக்கா.

நான் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பதினெட்டு வருடமாக பிளவுஸ் ஆல்டரேஷன் செய்பவன். போன ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் மூச்சு முட்டி, கை மரத்து, இதோ செத்தேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றார்கள். மெஷின் பழுது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டோடு.

அக்கா தேடி வந்தார்.

"இன்னாண்ணா, பயம் இன்னிக்குப் பத்துக்கு எவ்ளோ?"

"ஒன்பது."

"எனக்கு ஆறு. கீழ நாய் ஒண்ணு படுத்துக்கினு கீது. போசொல்ல கூட வாங்க."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எந்தப் பாடத்திலும் இவ்வளவு நல்ல மார்க் வாங்கியதில்லை. சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த மாடி வீட்டு மாமி, "நேக்கு பயமெல்லாம் கெடையாதும்மா. கேஸ் மூடியிருக்கான்னு நாலு தரம் பாப்பேன், அவ்ளோதான்" என்றார்.

"நாலு மார்க், மாமி."

"கோவிலுக்குக் கெளம்பிப் பாதி வழில திரும்பி வந்தும் பாப்பேன். ஆறு போடப்படாதோ?"

என்னை டாக்டரிடம் அழைத்துப் போனதும் அக்காதான். மாத்திரை ஒரு பக்கம், படிப் பயிற்சி ஒரு பக்கம். மேம்பாலத்தில் மூன்று படி ஏறி, நின்று மூச்சு விட்டு, இறங்க வேண்டும். மறுநாள் நான்கு. பூக்காரம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாத்த தொலைச்சீங்க ரெண்டு பேரும்?"

அப்போதுதான் முதலாளி போன் செய்தார். "டெய்லரண்ணே, திங்கக்கெழம வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன். நானும் எம்புட்டு நாள்தான் பாக்க?"

படிக்கணக்குப்படி நான் கடைக்குப் போய்ச் சேர அடுத்த தீபாவளி ஆகிவிடும். சுரங்கப்பாதை வழியாக ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். சுரங்கப்பாதைக்கு என் மார்க் பத்து.

திங்கட்கிழமை காலை, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். இரண்டு பக்கமும் ஜனம். கீழே மின்சார ரயில் போனது. பாலம் அதிர்ந்ததா, நான் அதிர்ந்தேனா தெரியவில்லை. நட்டநடுவில் என் கையை இழுத்த கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நிக்காதீங்கண்ணா."

"நீங்கதானேக்கா நின்னுட்டீங்க."

"எனக்கும் கூட்டம்னா ஆவாது. நம்ம பயிற்சிப் படியத் தாண்டி இந்தப் பாலத்துல இதுவரிக்கும் ஏறுனதே இல்ல. சொன்னா நீங்க வரமாட்டீங்களேன்னு சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவே கோபம் வர இடம் இருந்ததே ஆச்சரியம். "வாங்க. மூச்ச மெதுவா இழுங்க. மெதுவா விடுங்க" என்று, அவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கே திருப்பிச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இறங்கியதும்தான் கவனித்தேன், கடைக்கே வந்துவிட்டோம்.

வேர்த்து ஒழுகி நின்ற எங்களைப் பார்த்து முதலாளி, "வெளிய மழையா?" என்றார்.

நான் மெஷினில் உட்கார்ந்தேன். அக்கா தண்ணீர் குடித்தார். "சரிண்ணா, நான் கெளம்புறேன்" என்றார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோதும் கடைப் படியிலேயே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளியிடம் கால் மணி நேரம் கேட்டேன். "இப்பத்தானய்யா வந்தீரு?" என்றார்.

அக்காவைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். தனியாக வருகிறேன் என்பதே பாதிப் பாலத்தில்தான் உறைத்தது. அப்போதும் எனக்கிருந்த பயமெல்லாம், அக்கா பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான்.