அம்பது ஆள் பிடிக்கும் கரடி

மொழிபெயர்ப்பாளனை நம்பி யாரும் உயிரை ஒப்படைக்கக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. நானே மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஒருவர் என்னிடம் உயிரை ஒப்படைக்கவும் செய்தார்.

எண்பதுகளின் நடுவில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஆங்கில எம்.ஏ. பட்டத்தோடு ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தைவானிலிருந்து ஒரு பெரிய கடைசல் இயந்திரம் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க லின் என்ற பொறியாளரும் வந்தார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, எண்ணி எடுத்து வைப்பது போன்ற ஆங்கிலம். அவர் பேசுவதைத் தொழிலாளர்களுக்கும், தொழிலாளர்கள் பேசுவதை அவருக்கும் சொல்வது என் வேலை. இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிரந்தரம். அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர். மேலாளர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

காலை ஆறு மணிக்கு விருந்தினர் விடுதிப் புல்வெளியில் லின் தாய் சி என்ற சீனக் கலை பழகுவார். காலை மெல்லத் தூக்கி, மெல்ல வைத்து, தண்ணீருக்குள் சுவருக்கு வெள்ளையடிப்பது போலக் கைகளை வீசுவார். முதல் ஷிப்டுக்கு வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள்.

"இது சண்டைக் கலையாம்" என்றேன்.

"இதுல எவன் சார் விழுவான்? பாத்துக்கினே தூங்கி விழுந்தாத்தான் உண்டு" என்றான் முனிராஜ்.

முனிராஜ் எங்கள் ஃபிட்டர். கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகை என்ற ஊர்க்காரன். சுற்றுவட்டாரத்தில் பெயர் போன குஸ்திப் பயில்வான். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. அவனையும் லின்னையும் மோதவிட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசை அன்றைக்கு என்னைப் பிடித்தது. (எம்.ஏ. படித்தவனுக்கு வருகிற ஆசையா இது!) அதற்காக ஒரு பொய் சொன்னேன்.

"முனிராஜ், குஸ்திங்கிறது மாடுங்க முட்டிக்கிற மாதிரின்னு அவர் சொல்றார்ப்பா."

லின் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவருக்குக் குஸ்தி என்ற வார்த்தையே தெரியாது.

முனிராஜின் முகம் இறுகியது. லின்னுக்கு நேரே போய் நின்று, கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஞாயித்துக்கெளம நம்ம கரடிக்கு வரச் சொல்லு சார். அங்க பாத்துக்கலாம்."

எனக்குக் கொஞ்சம் திகைப்புதான். ஆனால் ஊரை அடுத்த சானமாவுக் காட்டில் யானையே உலவுகிறது. பேரிகையில் ஒரு கரடியை வளர்க்க மாட்டார்களா? தெரியாததைக் கேட்டால் படிப்புக்கு என்ன மரியாதை? அப்படியே மொழிபெயர்த்தேன்: "ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய கரடியிடம் உங்களை அழைக்கிறார்."

லின் முனிராஜை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பெரிய கரடியா?" என்றார்.

"பெருசாப்பா?" என்று முனிராஜைக் கேட்டேன்.

"பெருசுதான் சார். அம்பது ஆளு புடிக்கும்."

"மிகப் பெரியதாம். பிடிக்க ஐம்பது ஆள் வேண்டுமாம்."

லின் முனிராஜுக்குத் தலைதாழ்த்தி, "வருகிறேன்" என்றார்.

ஞாயிறு காலை ஜீப்பில் பேரிகை போய் இறங்கினோம். எதிரே ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம். உள்ளே செம்மண் களம், கர்லாக்கட்டைகள், மூலையில் அனுமார் படம், சுவரோரம் ஐம்பது பேர். வாசலில் கன்னடப் பலகை. ஜீப் ஓட்டுநரிடம் என்னவென்று கேட்டேன்.

"கரடி மனை சார். குஸ்தி பழகற எடம்."

கன்னடத்தில் இந்த இடத்துக்கும் அந்த மிருகத்துக்கும் முதலெழுத்துத்தான் வேறு. இதற்கு 'கம்பீர'த்தில் வரும் 'க', அதற்கு 'கல்'லில் வரும் 'க'. என் தஞ்சாவூர்க் காதுக்கு இரண்டும் ஒன்று. அப்போதாவது லின்னிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. பொய்யைவிட இந்த மௌனம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கரடிக்குத் தயாராக லின் காலணியைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். முனிராஜ் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, தொடையைத் தட்டி, தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். (மனக்கண்ணில் தஞ்சாவூர் பஸ் வந்து நின்றது.) தொப்பென்று சத்தம். திறந்து பார்த்தால் மண்ணில் கிடந்தது முனிராஜ்.

இரண்டாம் தடவை கண்ணை மூடவில்லை. கதவுத் திரையை ஒதுக்குவது போல லின் அவன் முழங்கையைத் தொட்டார். தள்ளியதாகவே தெரியவில்லை, வழிவிட்டதாகத்தான் தெரிந்தது. முனிராஜ் தன் வேகத்திலேயே போய் விழுந்தான். மூன்றாம் தடவை அவன் நெஞ்சில் உள்ளங்கை பட்டது. அந்த மலை உடம்பு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தது. புல்வெளியில் நாங்கள் சிரித்த அதே அசைவுதான்.

ஆனால் முனிராஜும் லேசுப்பட்டவன் இல்லை. நான்காம் முறை அவன் பாயவில்லை. முட்டி போட்டு, மண்ணோடு மண்ணாக நகர்ந்து வந்து, கணுக்காலைப் பிடித்தான். லின் விழுந்தார். விழுந்தவர் மேல் முனிராஜ் படுத்த பிறகு, நகர்வதற்கு அவரிடம் விரல்கள்தான் மிச்சம் இருந்தன. நிற்கிறவரை அது அவருடைய களம். மண்ணைத் தொட்டதும் இவனுடைய களம். எது பெரிது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடியில் கிடந்தபடியே லின் சிரித்தார். இருவரும் எழுந்தார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "இவர் மிக நல்ல வீரர். கரடி எப்போது வரும்?"

அதே நேரத்தில் முனிராஜும் கேட்டான்: "மாடு முட்டறதுன்னாரே, இப்ப என்னா சொல்றாருன்னு கேளு சார்."

ஐம்பது முகங்கள் என்னைப் பார்த்தன. இரண்டு பக்கமும் இன்னும் ஒவ்வொரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். வாயில் வந்தும்விட்டது. ஆனால் கரடியை எதிர்பார்த்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும் முடியவில்லை. இரண்டு மொழியிலும் உண்மையைச் சொன்னேன்.

"யோவ்!" என்றான் முனிராஜ். அதுவரை என்னை 'சார்' என்றவன். "கரடின்னு நெனச்சிக்கினா அந்த மனுசன் வந்தாரு? தனியாவா?"

பதிலுக்குக் காத்திராமல் களத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து லின்னின் நெற்றியில் இட்டான். அங்கே அதற்கு மேல் மரியாதை கிடையாது. லின் என்னைத் திட்டவில்லை. ஜீப் இருக்கையில் வைத்திருந்த தன் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். "உங்களிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்ல இருந்தேன். இனி தேவையில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

மறுவாரம் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமாயிற்று. தகுதியில்லாமல் வாங்கிய உத்தியோகத்தில்தான் ஓய்வுபெறும்வரை இருந்தேன்.

சீன எழுத்தில் இருந்த அந்தக் கடிதத்தைப் பல வருஷம் கழித்து, என் மகன் தன்னுடன் வேலை செய்யும் தைவான்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தான். மனைவிக்கு எழுதியது: 'நாளை கரடியைச் சந்திக்கிறேன். இது இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது, மறுக்க முடியவில்லை. மொழிபெயர்க்கும் பையன் மிகவும் ஒல்லி. கரடி முதலில் அவனைத்தான் பிடிக்கும். அவனை என் பின்னால் நிறுத்திக்கொள்வேன்.'

அன்று கரடி மனை வாசலில் அவர் என் மார்பில் கை வைத்துப் பின்னால் தள்ளியது நினைவுக்கு வந்தது. மரியாதை தெரியாத மனிதர் என்று அப்போது நினைத்தேன்.

மகன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். அதிலிருந்து தெருவில் நாய் குரைத்தாலும் சரி, வாசலில் யாராவது சத்தம் போட்டாலும் சரி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய், "ஒல்லிப் பையா, பின்னாடி வந்து நில்லுங்க" என்கிறாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கிறார்கள்.

நான் போய் நிற்கிறேன்.