ஏழு மணிச் சம்பந்தம்

மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வரமுடியும் என்று சொல்லியனுப்பியதும் லிங்கராஜுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

ஒரு காலத்தில் ராத்திரி வெகுநேரம் கருப்பட்டிக் கடையில் விழித்திருந்த மனிதர்தான். அறுபத்தைந்து தாண்டியதும் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை யாரோ முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து வீட்டையே எழுப்புவார். விளக்கு வைத்ததும் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிடுவார். வயசானால் அப்படித்தான் என்று டாக்டர் சிரித்தார். போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. பேச்சின் நடுவே இவர் குறட்டை விட, பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமில்லை போலும் என்று எழுந்து போய்விட்டார்கள்.

இப்போது வரும் சாகுபுரம் பையன் செந்தூர்வேலை மகள் உமாராணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"இன்னைக்கும் கண்ணை மூடுனியன்னா, நானும் உங்க மவளும் திருச்செந்தூர் கோயில்ல போயி உக்காந்துக்கிடுவோம்," என்று மனைவி பிரேமா சொல்லிவிட்டாள்.

முன்கூட்டியே தூங்கி வைத்துக்கொள்ளலாம் என்று மத்தியானம் படுத்தார். பொட்டுத் தூக்கம் வரவில்லை, அசதிதான் மிச்சம். அசதி போகக் கடுங்காப்பியாகக் குடித்தார். வயிறு எரிந்தது. எரிச்சல் அடங்கத் தயிர்ச்சோறு சாப்பிட்டார். அது உள்ளே போனதும் ஆறு மணிக்கே கண் சொருகியது.

கடைசியில், சாய வழியில்லாத ஸ்டூலாகப் பார்த்து எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பையனும் அவன் அம்மா சுடலைச்செல்வியும் வந்தார்கள். பையன் ஸ்டூலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அப்பாவைக் காணோம்.

"அவியளுக்கு ஒரு போன். கார்ல பேசிட்டு வந்துருவாவ," என்று அந்த அம்மாள் வாசலைப் பார்த்தபடி சொன்னாள்.

லிங்கராஜ் தூக்கத்தை விரட்ட பலகாரத் தட்டிலிருந்து முந்திரி மக்ரூனாக எடுத்து மென்றுகொண்டிருந்தார். மென்றது எப்போது நின்றதோ தெரியாது. விழித்தபோது அவர் தலை செந்தூர்வேலின் தோளில் இருந்தது. சட்டையெல்லாம் மக்ரூன் தூள். பையன் பழகினவன்போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பிரேமாவின் கண் கலங்கிவிட்டது. கதவோரம் உமாராணி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் லிங்கராஜ் சுடலைச்செல்வியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"எனக்கு முழுச் சம்மதம் தாயி. இந்த உடம்புதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு."

சுடலைச்செல்வி வாய் திறப்பதற்குள் கார் டிரைவர் கிங்ஸ்டன் வாசலில் தலையை நீட்டினான்.

"யக்கா, ஐயா போன் பேசுதாருன்னு இன்னும் எவ்வளவு நேரம் சொல்ல? குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கு. எழுப்பட்டுமா, இல்ல வழக்கம்போல மூணு மணிக்கு அவரே எந்திரிச்சுக்கிடுவாரா?"